கைமாறும் வண்டியும் மூன்று அளவைகளும்

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வாசலில் 2005ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு லிட்டர் டீசல் இன்ஜின். மீட்டரில் 1,40,000 மைல். பெயின்ட் மங்கவில்லை, டயர்கள் புதியவை, சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. வாங்க வந்தவர் கால்நடை டிரெய்லர் இழுக்கவோ கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றவோ இந்த வண்டியை வைத்துத்தான் பிழைக்கப் போகிறார். நடுவழியில் நின்றால் அன்றைய வருமானம் போகும். இன்ஜினில் பெரிய வேலை வந்தால் வண்டிக்குக் கொடுத்த விலைக்கு ஈடான தொகை பழுதுபார்க்கவே கரைந்துவிடும். இதை நம்பி வாங்கலாமா என்பது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வியாகத்தான் முதலில் தெரிகிறது. ஆனால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது, இனி வரும் ஆண்டுகளில் வண்டி எப்படி ஓடும் என்பது. அந்த எதிர்காலமோ அவர் பார்த்திராத இருபது ஆண்டுக் கடந்தகாலத்தில் பொதிந்திருக்கிறது. கண்முன் நிற்கும் சிறிதளவைக் கொண்டு, காணாத இரண்டு காலங்களைப் பற்றி எதை நம்ப நமக்கு உரிமை உண்டு? தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விதான் இந்தப் பண்ணை வாசலிலும் எழுகிறது.

நம் மரபில் இதற்கென்றே ஒரு துறை வளர்ந்தது. உண்மையை அறியும் வழிகளை அளவை என்றார்கள். மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளையும் சொல்லப் புகும்போது அளவைவாதியிடமிருந்தே தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவைகளைப் பற்றிப் பேசிவிடுகிறார். பலர் பலவாக எண்ணியவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். புலன்களால் நேரே அறிவது காண்டல்; அறிந்ததைக் கொண்டு அறியாததைத் துணிவது கருதல்; தக்கவர் சொல்லால் அறிவது உரை. உயிரையும் இறையையும் அறிய வகுத்த கருவியைப் பழைய டீசல் வண்டிக்குக் கொண்டுவருவது தகுமா என்று யாரும் தயங்க வேண்டாம். மலையில் எழும் புகை, அடுப்பங்கரை நெருப்பு என அன்றாடப் பொருள்களை வைத்துத்தான் முன்னோர் அந்தக் கருவியைத் தீட்டினார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: காண்டலும் கருதலும் வண்டியைப் பற்றிப் பெரும்பகுதியைச் சொல்லிவிடும், ஆனால் எவ்வளவு திறமையோடு கையாண்டாலும் ஒரு மிச்சம் நிற்கும், அந்த மிச்சம் முன்பு ஓட்டியவரின் உரையில் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஒரு வண்டியின் நம்பகத்தை எடைபோடும் இடத்தில் இரண்டு கடமைகள் எழுகின்றன. வாங்குபவர் ஆராய்ந்து நம்ப வேண்டும். விற்பவர் அறிந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் தவறினார் என்பதால் மற்றவரின் கடமை கழிந்துவிடாது.

முதலில் காண்டல். விவரம் தெரிந்தவர்கள் போனதும் செய்யும் காரியம், பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் கை வைத்துப் பார்ப்பது. அது ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் காட்டியிருக்கும் குறைகளைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் தேய்ந்த சிலிண்டரும் பழுதான இன்ஜெக்டரும் குளிரில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த சாட்சி புகையின் நிறம். கரும்புகை எரிபொருள் மிகுதியையும், நீலப்புகை ஆயில் எரிவதையும், இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் புகுந்த கூலன்டையோ சொல்லும். ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் கவிழ்த்து வைத்தால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் காற்றின் வேகம் தெரியும். மூடி லேசாக ஆடினால் பொறுத்துக்கொள்ளலாம், துள்ளி விழுந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். இந்த வண்டியில் உள்ள ஆறு லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இன்னும் நுட்பமான சோதனை ஒன்று உண்டு. ஸ்கேனரைச் செருகி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, ஆயிலின் வெப்பநிலையையும் கூலன்டின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிலின் சூடு கூலன்டின் சூட்டைவிட 15 ஃபாரன்ஹீட் டிகிரிக்கு மேல் ஏறி நின்றால் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அதே இன்ஜினில் இன்ஜெக்டர்களை இயக்கும் மின்பெட்டி 48 வோல்ட் தர வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது அது 45க்குக் கீழே இறங்கினால் அந்தப் பெட்டியை விரைவில் மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு காட்டினாலும் காண்டல் இந்த நேரத்தை மட்டுமே அறியும். ஸ்கேனரில் பிழைக்குறி இல்லையென்றால் வண்டியில் பிழை இல்லை என்றாகாது. முந்தின நாள் இரவு யாரோ அழித்திருக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிய இன்ஜினில் கசிவின் தடம் இருக்காது. 2011 முதல் ஃபோர்டின் 6.7 லிட்டர் இன்ஜினிலும் அதே காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் டுராமேக்ஸிலும் வந்த சிபி4 என்ற உயர் அழுத்த டீசல் பம்ப் இதற்குக் கடுமையான சான்று. அதன் உள்ளே இரும்போடு இரும்பு உரசத் தொடங்கிவிட்டால், துகள்கள் இன்ஜெக்டர்வரை போய் எரிபொருள் அமைப்பு முழுவதையும் கெடுத்துவிடும். அது நடக்கும் நாள்வரை வண்டி ஒரு குறையும் காட்டாமல் ஓடக்கூடும். காண்டல் ஒன்றே அளவை என்ற உலகாயதரைத்தான், பிற சமயங்களை ஆராயும் சித்தியாரின் பரபக்கம் முதலில் எடுத்து மறுக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது, வாங்கிவிட்டேன் என்று சொல்பவர் தம்மையறியாமல் உலகாயதரின் நிலையில் நிற்கிறார். இருபது நிமிட ஓட்டம் இருபது ஆண்டு உழைப்பைப் பற்றி எதையாவது சொல்ல வேண்டுமானால், அந்த இருபது நிமிடத்தில் கண்டதை வேறொன்றோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்புத்தான் கருதல்.

டீசல் பிக்கப் சந்தையில் கருதல் பெரும்பாலும் நற்பெயர், கெட்டபெயர் என்ற வடிவில் உலவுகிறது. 1994 முதல் 2003 வரை ஃபோர்டில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் சாகாத இன்ஜின். 2003 முதல் 2007 வரை சூப்பர் டியூட்டியில் வந்த ஆறு லிட்டர் தொட்டால் கைசுடும். டாட்ஜில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் பத்து லட்சம் மைல் ஓடும். இவை வெறும் வதந்தி அல்ல. ஆறு லிட்டர் இன்ஜினின் உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்பதில் ஃபோர்டும் அதைச் செய்துகொடுத்த நேவிஸ்டாரும் 2007இல் நீதிமன்றம் ஏறி, 2009இல்தான் சமரசம் செய்துகொண்டன. ஆனாலும் ஒரு வகை முழுவதற்கும் பொதுவாகச் சொன்னதை, வாசலில் நிற்கும் இந்த ஒரு வண்டிமேல் அப்படியே ஏற்றலாமா? நியாய மரபினர் இங்கேதான் உபாதி என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது எங்கும் பொருந்தும். நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று திருப்பிச் சொன்னால் பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகு சேரும்போதுதான் புகை. பார்வைக்குத் தப்பி நடுவில் நின்று உறவை உண்டாக்கும் அந்த ஈரமே உபாதி. அதைக் கண்டுபிடிக்காதவரை நமது அனுமானம் அரைகுறையானது.

ஆறு லிட்டர் இன்ஜின் ஏன் கெட்டது என்று பின்தொடர்ந்து பார்த்தால் உபாதி வெளிப்படுகிறது. கூலன்டிலிருந்து பிரியும் கசடும் வார்ப்பில் எஞ்சிய மணலும் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளில் படிகின்றன. அந்தக் கூலரைத் தாண்டித்தான் கூலன்ட், புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலருக்குப் போக வேண்டும். வழி அடைபட்டால் அங்கே நீரோட்டம் குறைந்து, அது கொதித்து வெடிக்கிறது. கூலன்ட் சிலிண்டருக்குள் போய் ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே போல்ட்டுகளால் இறுக்கிய ஹெட் மெல்லத் தூக்கிக்கொள்ள, கேஸ்கெட் போகிறது. இத்தனை கண்ணிகளும் தெரிந்தால், ஆறு லிட்டர் என்ற பெயரைக் கேட்டதுமே விலகத் தேவையில்லை. கூலன்டை ஒழுங்காக மாற்றி, ஆயில் கூலரைப் புதுப்பித்து, இஜிஆர் கூலரை வலுவானதாக மாற்றி, போல்ட்டுக்குப் பதில் ஹெட் ஸ்டட் போட்ட வண்டியில் அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுபட்டிருக்கிறது. மறுபுறம், அதிக பவருக்காக இன்ஜினின் கணினியில் அமைப்பை மாற்றிப் பாரம் இழுத்த வண்டியில் அதே சங்கிலி இன்னும் இறுகியிருக்கும். இரண்டு வண்டிக்கும் ஊர் சொல்லும் பெயர் ஒன்றுதான்.

நற்பெயருக்கும் இதே விசாரணை வேண்டும். 1998 வரை வந்த பன்னிரண்டு வால்வு கம்மின்ஸில் டைமிங் கியர் உறைக்குள் ஒரு சிறு எஃகு முளை உண்டு. காலப்போக்கில் அது தளர்ந்து கியர்களுக்குள் விழுந்தால், அத்தனை புகழும் ஒரு நொடியில் முடியும். அந்த முளை பெயர்ந்து வராமல் ஒரு தகட்டைப் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் அந்த இன்ஜினின் புகழை நம்புவதில் பொருளில்லை. 7.3 லிட்டரில் இன்ஜெக்டர்களை இயக்குவதே ஆயிலின் அழுத்தம்தான். ஆயிலை மாற்றாமல் ஓட்டியவர் கையில் அந்த உறுதியான இன்ஜினும் சோர்ந்துவிடும். ஐந்து லட்சம் மைல் ஓடிய வண்டிகளைக் காட்டி அந்த இன்ஜின் அவ்வளவு ஓடும் என்று வாதிடுவதிலும் ஒரு குறை இருக்கிறது. நம் கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டுமே. இரண்டு லட்சத்தில் நின்றுபோனவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மைல் கணக்கும் அப்படித்தான். மீட்டரில் 1,20,000 மைலும் இன்ஜின் ஓடிய நேரமாக 6,000 மணியும் இருந்தால், சராசரி வேகம் மணிக்கு 20 மைல். அந்த வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டோ ஊர்ந்தோ கழித்திருக்கிறது. அதே மைலுக்கு 3,000 மணி என்றால் அது நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓடிய வண்டி. மைல் ஒன்றுதான்; உள்ளே நடந்த தேய்மானம் வேறு.

இவ்விடத்தில் ஒருவர் அடிப்படையையே ஆட்டலாம். எத்தனை காரணம் கண்டாலும், நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் இதைக் கேட்டார். கடந்தகாலத்தைக் கொண்டு எதிர்காலத்தைத் துணிவதற்குத் தருக்க ஆதாரம் இல்லை, பழக்கமே நம்மை அப்படித் துணிய வைக்கிறது என்றார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உலகாயதர் இதைக் கேட்டிருந்தார்கள். நியாயகுசுமாஞ்சலியில் உதயணர் தந்த விடை இன்றும் வலுவானது என்று நினைக்கிறேன்: ஐயத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லை செயலில் இருக்கிறது. எந்த அனுமானத்தையும் ஏற்காதவர் பசித்தால் சோற்றைத் தேடவும் புகை வேண்டுமானால் நெருப்பை மூட்டவும் செய்கிறார். தம் செயலே மறுக்கும் ஐயத்தை வாயால் சொல்வதில் பயனில்லை. ஆயில் மாற்றாத இன்ஜினும் மாற்றிய இன்ஜினும் ஒன்றே என்று எந்த ஐயவாதியும் பணத்தைக் கட்டுவதில்லை. நாம் தேடுவது முழு உறுதியை அல்ல. எந்த ஐயத்துக்குக் காரணம் காட்ட முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்கும் சோதனையைச் செய்வதே அறிவுடைய ஐயம். காரணம் காட்ட முடியாத ஐயத்தை விட்டுவிட நமக்கு உரிமை உண்டு. எல்லாம் தலையெழுத்து, விதி இருந்தால் ஓடும் என்பவருக்கும் இதே விடைதான். ஊழை நம்புகிறவரும் வாங்கிய பிறகு ஆயில் மாற்றத்தான் செய்கிறார். அப்படியானால் வாங்குமுன் ஆயிலைப் பார்ப்பதற்கு ஊழ் குறுக்கே நிற்காது.

இனி உரை. காண்டலும் கருதலும் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியவை. உரை மற்றொரு மனிதரை உள்ளே கொண்டுவருகிறது. யார் சொல்லை ஏற்பது? நியாயச் சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஆப்தர் எனும் நம்பத்தக்கவர் யார் என்பதற்குச் சொன்ன இலக்கணம் வியப்பானது. பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும்; அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். முனிவருக்கும், ஆரியருக்கும், மிலேச்சர் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். பிறப்போ பட்டமோ ஒருவர் சொல்லைச் சான்றாக்குவதில்லை. இந்த அளவுகோலை விற்பனை வாசலுக்குக் கொண்டுவந்தால் பல குழப்பங்கள் தெளியும். வியாபாரிக்குப் பேச்சு நன்றாக வரும், ஆனால் வண்டியை அவர் ஓட்டியதில்லை. முதல் தகுதி இல்லை. இருபது ஆண்டு ஓட்டிய சொந்தக்காரருக்கு முதல் தகுதி நிறைய உண்டு. இரண்டாவது தகுதியைத்தான் அவருடைய ஆதாயம் சோதிக்கிறது. இரண்டும் ஒருங்கே கிடைப்பது பழைய சர்வீஸ் பில்களில். 2014இல் ஒரு பட்டறையில் எழுதிய பில்லில் ஆயில் கூலர் மாற்றியது என்றிருந்தால், அதை எழுதியவர் அந்த வேலையைச் செய்தவர்; பல ஆண்டு கழித்து வரப்போகும் நம்மை ஏமாற்ற அவருக்குக் காரணமே இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பிய ஆயில் சாம்பிளின் அறிக்கையும் இந்த வகைதான். இரும்பு, செம்பு, சோடியம் எவ்வளவு என்று அது சொல்லும். சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் ஆயிலில் கூலன்ட் கலக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆனால் எல்லா உண்மையும் பில்லில் ஏறுவதில்லை. ஒரு கோடையில் மலையேற்றத்தில் ஊசி சிவப்புக்குப் போனது, வெள்ளத்தில் நின்றது, அளவுக்கு மீறிய டிரெய்லரை ஒரு பருவம் முழுவதும் இழுத்தது, கூலன்ட் மாதாமாதம் சிறிது குறைவதால் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்தது ஆகியவை சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். சட்டம் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. அமெரிக்காவில் பழைய வண்டி வியாபாரிகள் கண்ணாடியில் அறிவிப்புச் சீட்டு ஒட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1985இல் நடைமுறைக்கு வந்தது; உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடியே விற்கிறார்களா என்பதை அது சொல்லும். அந்த விதி மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கு மட்டுமே. எஃப்-250 போன்ற கனரக டீசல் பிக்கப்புகள் அந்த எடையைத் தாண்டுபவை. தனியார் விற்பனைக்கோ விதியே பொருந்தாது. மீட்டரைத் திருப்புவது 1972 முதல் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் 2010 வரையிலான மாடல்கள் பத்து ஆண்டு கடந்துவிட்டால், கைமாறும்போது ஓடிய மைலை எழுதிக் கொடுக்கும் கட்டாயம் நீங்குகிறது. நம் 2005 வண்டி இரண்டு விதிகளுக்கும் வெளியே நிற்கிறது. அங்கே வாங்குபவருக்கு எஞ்சும் பாதுகாப்பு ஒன்றுதான்: விற்பவரின் மனச்சாட்சி.

அந்த மனச்சாட்சிக்கு என்ன கடமை என்பதைப் பல மரபுகள் தனித்தனியே ஆராய்ந்திருக்கின்றன. கி.மு. 44இல் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இரண்டு ஸ்டோயிக் அறிஞர்களை எதிரெதிரே நிறுத்துகிறார். மரம் உளுத்து, படுக்கையறைகளில் பாம்பு நடமாடும் வீட்டை, அது தெரியாத ஒருவருக்கு விற்கலாமா? மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு; வாங்குபவருக்குக் கண் இருக்கிறது என்கிறார் பாபிலோனின் டயோஜெனிஸ். வழி தவறியவனுக்கு வழிகாட்டாததைப் போன்ற குற்றம் இது என்கிறார் ஆன்டிபேட்டர். சிசெரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் கோட்டை இன்னும் நுட்பமாக இழுத்தார். ஒற்றைக்கண் குதிரையைப் போல் வெளிப்படையான குறையை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைத்தால் போதும். மறைந்து கிடந்து நட்டமோ ஆபத்தோ தரும் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நபிகள் நாயகம் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஹதீஸில் வருகிறது. மறைந்த குறை தெரிந்தால் பொருளைத் திருப்பும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் வாங்குபவருக்குத் தந்தது. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரின் அறத்தைச் சொல்லியே முடிகிறது. வேறுவேறு கடவுளரையும் வேறுவேறு சட்டங்களையும் கொண்ட மரபுகள் இதில் ஒன்றுபடுவது தற்செயல் இல்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்த உண்மை, மற்றவரின் முடிவை மாற்றும் என்று தெரிந்தே அடக்கப்பட்டால், அந்த முடிவு மற்றவருடையதாக இருப்பதில்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு விலையைப் பற்றியது. பழைய வண்டி என்பதாலேயே விலை குறைவு. ஆபத்துக்கான தள்ளுபடி அதில் அடங்கியிருக்கிறது. அப்புறம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? இருவருக்கும் தெரியாத ஆபத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. சிபி4 பம்ப் என்றைக்குப் போகும் என்று எவருக்கும் தெரியாது. அந்தத் தள்ளுபடியை இருவரும் அறிந்தே பேசி முடிக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விரிசலுக்கு அதே தள்ளுபடியைக் காட்டுவது, தெரியாமையின் விலையைத் தெரிந்ததற்குக் கொடுக்கச் சொல்வதாகும். இந்த மௌனம் விற்பவர்களையே அழிக்கும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே காட்டினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய ஆய்வுகளில் புகழ்பெற்றது அதுதான். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க மனம் வராதவர்கள் விலகுவார்கள்; சந்தையில் கெட்டவை மிஞ்சும்; விலை இன்னும் இறங்கும். கூலன்ட் குறைவதைச் சொல்லாமல் விற்றவர் அந்த ஒரு வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. இருபது ஆண்டு பில்களைச் சேர்த்துவைத்த பக்கத்துப் பண்ணைக்காரரின் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் சேர்த்தே குறைத்துவிட்டார்.

இன்னொரு மறுப்பு இதைவிடச் சூட்சுமமானது. எனக்கே தெரியாது, நான் மெக்கானிக் இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது என்றே உளமார நம்புகிறேன் என்று விற்பவர் சொல்லலாம். 1877இல் நம்பிக்கையின் அறத்தைப் பற்றி எழுதிய டபிள்யூ. கே. கிளிஃபோர்டு இதை நேராக எதிர்கொண்டார். பழைய கப்பலில் மக்களை ஏற்றி அனுப்பும் கப்பல்காரருக்கு ஐயம் எழுகிறது. சோதித்துப் பார்க்கச் செலவாகும். இத்தனை புயலைத் தாண்டியது இதையும் தாண்டும் என்று தம்மைத் தாமே தேற்றி, இறுதியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவ்வளவே குற்றவாளி, ஏனென்றால் அந்த நம்பிக்கையைக் கொள்ள அவருக்கு உரிமை இல்லை. விற்கப்போகிறோம் என்று முடிவானதும் கூலன்ட் அளவைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறவர் இந்தக் கப்பல்காரரின் உறவினர். தெரிந்துகொள்ளாமலிருக்க முயன்று பெற்ற தெரியாமை, தெரிந்ததற்குச் சமம். வாங்குபவருக்கும் இது பொருந்தும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஃபிரேமின் துருவும் அவர் உயிரோடு நிற்பதில்லை. பின்னால் மூன்று டன் டிரெய்லரோடு சாலையில் இறங்கும் வண்டி எதிரே வருபவரின் உயிரையும் சுமக்கிறது. விலை மலிவு என்ற ஆசையில் கீழே குனிந்து பார்க்காமல் வாங்கியவர், நான் ஏமாற்றப்பட்டேன் என்ற ஒன்றைச் சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

நம்பகம் யாருக்கு என்ற கேள்வியும் இங்கே சேர்கிறது. புகைவடிகட்டியையும் இஜிஆர் அமைப்பையும் அகற்றிவிட்டு, இனி இதில் செலவே வராது என்று விற்கும் வண்டிகள் அமெரிக்காவில் ஏராளம். பத்து ஆண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படி அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. அகற்றினால் இன்ஜினுக்குத் தொல்லை குறைகிறது என்பதில் உண்மை இருக்கிறது. அந்த அமைப்புகள்தான் பல இன்ஜின்களில் முதலில் கெடுகின்றன. ஆனால் அந்தத் தொல்லை மறையவில்லை, சாலையோரத்தில் மூச்சு விடுபவர்களின் நுரையீரலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அப்படி அகற்றுவது கூட்டாட்சிச் சட்டத்துக்கும் எதிரானது. பிறர் கணக்கில் செலவை எழுதிவிட்டுப் பெற்ற உறுதியை உறுதி என்று எண்ணி வாங்குபவர், அந்தக் கணக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

இத்தனை கேள்வி கேட்பது விற்பவரை அவமதிப்பதாகாதா, சந்தேகத்தோடு ஒருவரை அணுகுவது அறமா என்று சிலர் தயங்குகிறார்கள். சோதிப்பதும் சந்தேகிப்பதும் ஒன்றில்லை. நேர்மையானவரின் சொல் சோதனையில் தேறும். தேறிய பிறகு அந்தச் சொல்லை மற்ற இடங்களிலும் நம்ப நமக்குக் காரணம் கிடைக்கிறது. விற்பவர் சொன்ன ஒரு சிறு குறையை நாம் தேடிப் பார்த்து அது அப்படியே இருந்தால், தேட முடியாத விஷயங்களிலும் அவரை நம்பலாம். மாறாக, வேறொரு பட்டறையில் காட்டிப் பார்க்க ஒப்பாதவரிடம், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப விடாதவரிடம், என்ன விலையானாலும் விலகிவிடுவதே முறை. அங்கே உரையின் இரண்டாம் தகுதி இல்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். இத்தனை சோதனைக்கும் வசதியில்லாமல், கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைத்ததை வாங்கியே ஆக வேண்டிய ஏழைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களிடம் விற்பவரின் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆராயும் வலு எந்த அளவுக்கு வாங்குபவரிடம் இல்லையோ அந்த அளவுக்குச் சொல்லும் பொறுப்பு விற்பவரிடம் சேர்கிறது.

ஆகவே பண்ணை வாசலில் நிற்பவருக்கு என் விடை இது. முதலில் பாருங்கள், குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி. பார்த்ததை அந்த இன்ஜினின் காரணச் சங்கிலியோடு பொருத்துங்கள். ஊர்ப்பேச்சின் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். பில்களைக் கேளுங்கள், ஓட்டியவரிடம் நேரே கேள்வி கேட்டு, சொன்னதில் ஒன்றிரண்டைச் சோதியுங்கள். மூன்று அளவைகளும் ஒரே திசையைக் காட்டினால் வாங்கலாம். அப்போதும் ஒரு பெரிய பழுதுக்கு வேண்டிய பணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு வாங்குங்கள். நம் அறிவுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதன் நடைமுறை வடிவம் அதுதான். வாங்கிய அன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, மாற்றிய பாகத்தையும் வந்த பழுதையும் ஏற்றிய பாரத்தையும் தேதியோடு எழுதி வாருங்கள். இந்த வண்டி உங்களிடமிருந்தும் ஒருநாள் கைமாறும். அன்று எதிரே நிற்பவர் உங்களைப் போலவே காணாத இரண்டு காலங்களைப் பற்றிக் கேட்பார். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். அவர் வாங்காமல் போனாலும் சரி.